ஒத்திகையில் பறந்த கூரை

புயல் ஒரு நாள் முன்னால் வந்துவிட்டது. இதில் புயல் முன்னேற்பாட்டுத் துறையின் தவறு எதுவும் இல்லை. துறை தெளிவாகத்தான் அறிவித்திருந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் புயல். ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒரு வாரமாகத் தெருத்தெருவாகப் போய் இதைத்தான் கத்தியது. சுவரொட்டியிலும் இதுதான் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் புரிகிற விஷயம். புயலுக்குப் புரியவில்லை என்றால் துறை என்ன செய்யும்?

வானிலைக்காரர்கள் செவ்வாய்க்கிழமை மாலையே போன் செய்து, காற்று வேகம் பிடித்துவிட்டது, நாளைக்கே வந்தாலும் வந்துவிடும் என்று சொன்னார்களாம். இயக்குநர் கோப்பை வரவழைத்து, "வியாழன் என்று ஏற்கெனவே ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது. மாற்றத் தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துறையைப் பொறுத்தவரை அந்தப் பிரச்சினை அத்துடன் முடிந்தது.

அந்தக் கையெழுத்து யார் தலையில் விடிந்தது என்று பார்ப்போம். ஊரின் கீழ்க்கோடித் தெருவில் பதினான்காம் எண் வீட்டில் மோட்டார் வைண்டிங் செய்கிறவர் ஒருவர் இருந்தார். கருகிப்போன மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் பிரித்து, பழைய செப்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துக் கொடுப்பார். தெருவில் அவரை வைண்டிங் என்றே கூப்பிடுவார்கள். முன்னறை பட்டறை, பின்னறை வீடு, இரண்டுக்கும் மேலே தகரக் கூரை. பின்னறையில் அவருடைய மனைவியும், பிறந்து பன்னிரண்டு நாளான பெண் குழந்தையும் இருந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. வைண்டிங் அதைத் தூக்குவதற்கு முன் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவார்.

ஒத்திகைக்கு முந்தின நாள் துறையிலிருந்து வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒத்திகையில் யார் வீட்டுக்கு என்ன கேடு என்று அதில் அச்சடித்திருந்தது. பதினான்காம் எண் வீட்டுத் தாளில், "கூரை முழுவதும் பறந்துவிட்டது. குடியிருப்போர் பதற்றத்துடன் காணப்பட வேண்டும்" என்று இருந்தது.

"பதற்றம்னா எவ்வளவு சார் பதறணும்?" என்று வைண்டிங் கேட்டார். தெரியாத வேலையைக் கேட்டுச் செய்கிற மனிதர்.

"மிதமாப் போதும். கைக்குழந்தை இருக்கிற வீடா? அப்படின்னா கொஞ்சம் கூடவே பதறுங்க" என்றார் தாள் ஒட்டியவர்.

பக்கத்து வீட்டில் தனியாக இருந்து ஜாக்கெட் தைக்கும் அம்மாளுக்கு, "வலது காலில் எலும்பு முறிவு" வந்திருந்தது. தெருவுக்கே அவர் தையலக்கா. அவர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "மெஷின் மிதிக்கிற காலாப் பாத்து ஒடிச்சிருக்கான் பாரு" என்றார்.

புதன்கிழமை பத்து மணிக்குச் சங்கு ஊதினார்கள். ஊதியது யார் காதிலும் விழவில்லை, ஏனென்றால் அதற்குள் காற்று ஊத ஆரம்பித்திருந்தது. ஒத்திகையில் காற்று இருக்காது என்பதால், துறையின் தொண்டர்கள் நான்கு பேர் தெருமுனையில் நின்று "காற்று! காற்று!" என்று கூவ வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களும் நேர்மையாக ஒரு மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு, கால் தரையில் படாத நிலையிலும் கூவினார்கள். பத்தேகால் வாக்கில் அந்தக் கம்பம் சாய்ந்தது. அவர்கள் அடுத்த கம்பத்துக்குப் போய்க் கூவினார்கள்.

வைண்டிங் வீட்டுக் கூரை முதலில் ஒரு மூலையில் படபடத்தது. பிறகு நான்கு மூலையும் ஒரே சமயத்தில் கிளம்பி, வீட்டின் மேலேயே ஒரு கணம் நின்று, அப்புறம் போய்விட்டது. மனைவி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பட்டறை மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டாள். "அய்யோ, கூரை போச்சே! கூரை போச்சே!" என்று அவள் போட்ட சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது.

எதிர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்ற மதிப்பீட்டாளர் உள்ளே வந்தார். ஒத்திகை எப்படி நடக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது அவர் வேலை. கையில் அட்டை, அதன்மேல் நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறை.

"கூரை பத்து இருபதுக்குப் பறக்கணும். பத்து இருபத்திரண்டுக்குத்தான் பறந்தது. பரவால்ல" என்று குறித்துக்கொண்டவர், குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். "நல்லா பண்றீங்கம்மா. கண்ணீர்கூட வருதே! பக்கத்துத் தெருவுல எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"சார், இது நிஜக் காத்து சார்!" என்று வைண்டிங் அலறினார்.

"அப்படித்தான் இருக்கணும். அதே குரல்ல சொல்லிட்டே இருங்க."

தையலக்கா வீட்டில் சுவர் சரிந்து அவருடைய இடது மணிக்கட்டின் மேல் விழுந்திருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு துடிப்பதைப் பார்த்து மதிப்பீட்டாளருக்கு முகம் கடுத்தது.

"உங்களுக்கு வலது கால்னு போட்டிருக்கு. நீங்க பாட்டுக்கு இடது கையைப் பிடிச்சிட்டுக் கத்தினா என்ன அர்த்தம்? தாளைப் படிக்கவே இல்லையா?"

"படிச்சேன் சாமி. சுவருதான் படிக்கல" என்றார் தையலக்கா.

அவருக்குப் பதினைந்து மதிப்பெண் குறைந்தது.

பன்னிரண்டு மணிக்குக் காற்று ஓய்ந்ததும் நிவாரணம் வழங்கும் ஒத்திகை நடந்தது. நிவாரணப் பொருள்கள் அட்டைகளாக வந்தன. வைண்டிங் கையில் "தார்ப்பாய் – 1" என்று எழுதிய அட்டையைக் கொடுத்தார்கள். மனைவிக்கு "சூடான உணவு" என்று ஒரு அட்டை. குழந்தைக்கும் ஒன்று கொடுத்தார்கள், "போர்வை (சிறியது)". மூன்று அட்டைகளும் பத்து நிமிஷத்தில் மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. தார்ப்பாய் அட்டையை மட்டும் வைண்டிங் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றினார்.

கூரைத் தகரம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கசங்கிக் கிடந்தது. கடைகளில் தார்ப்பாய் கிடைக்கவில்லை. ஊரில் இருந்த தார்ப்பாய்கள் அத்தனையையும் துறை முன்னேற்பாடாக வாங்கிக் குவித்துவிட்டது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாமென்றால், அந்த வீடுகளும் அதே ஒத்திகையில் கலந்துகொண்டிருந்தன. குழந்தை மேசைக்கு அடியிலேயே இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் மோட்டார், ஒரு பக்கம் வார்னிஷ் டப்பா, தலைமாட்டில் விரித்த குடை.

வியாழக்கிழமை காலை வைண்டிங் துறையின் கிடங்குக்குப் போனார். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால், தரையிலிருந்து உத்தரம் வரை நீல நிறத் தார்ப்பாய் மடித்து மடித்து அடுக்கியிருந்தது. அவருக்கு எச்சில் ஊறியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஸ்டோர்கீப்பர் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக அந்த ஜன்னலில் இருக்கிறவர். சட்டத்துக்குள் இருந்தால் எதையும் கொடுப்பார், சட்டத்துக்கு வெளியே என்றால் பெற்ற பிள்ளைக்குக்கூட ஒரு நூல் தரமாட்டார் என்று பெயர் எடுத்தவர்.

"இது ஒத்திகை அட்டை. இதுக்கு உண்டான தார்ப்பாயை நீங்க நேத்தே வாங்கியாச்சு" என்றார் அவர்.

"எங்கங்க வாங்கினேன்?"

"இந்த அட்டைதான் அது."

"இதை வச்சு நான் எப்படிங்க வீட்டை மூடறது?"

"வீடே ஒத்திகையிலதானே போச்சு? அதுக்கு இது போதும். உள்ள இருக்கறது நிஜத் தார்ப்பாய். நிஜப் புயல் வந்த பிறகு குடுக்கறது. மூணு மணி வரைக்கும் பொறுங்க."

வைண்டிங் பொறுத்தார். மூன்று மணிக்கு நல்ல வெயில். தெருவில் ஒரு இலை அசையவில்லை. துறை ஊழியர்கள் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார்கள். "புயல் கரையைக் கடந்துகொண்டிருக்கிறது! யாரும் வெளியே வர வேண்டாம்!" என்று வேன் அலறியது. வெளியே நின்றவர்களைப் பிடித்துத் தள்ளிக் கூரையில்லாத வீடுகளுக்குள் பூட்டினார்கள். வைண்டிங் வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஜன்னலில் கண்ணாடி இல்லை. என்றாலும், சிதறாமலிருக்க அதன்மேல் பெருக்கல் குறி போல டேப் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

"என்னங்க, வெயில் நேரா பாப்பா மூஞ்சில அடிக்குது. கொஞ்சம் வெளிய மரத்தடியில போய் நிக்கட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

"வெளிய புயலாம்" என்றார் வைண்டிங்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து அவர் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றார்.

ஐந்து மணிக்குப் புயல் கடந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. உயிர்ச்சேதம் பூஜ்யம், பொருட்சேதம் பூஜ்யம்.

அன்றைக்கே தூறல் போட்டது. குழந்தை இருமவில்லை, அழவில்லை. சளி கட்டி மூச்சு மட்டும் கரகரவென்று வந்தது. எரிந்த மோட்டாரைத் திருப்பிப் போட்டதும் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர், அந்தச் சின்ன நெஞ்சின் மேல் காதை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் திணறினார். ஞாயிற்றுக்கிழமை கனமழை என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். "ஞாயிறு அன்று அனைவரும் கூரையின் கீழ் இருக்கவும்" என்று துறையும் தன் பங்குக்குச் சுவரொட்டி ஒட்டியது.

"இன்னொரு மழை இதுக்குத் தாங்காது. சொல்லிட்டேன். நீங்க போய்க் கேக்கறீங்களா, நான் போய்க் கேக்கட்டுமா?" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை காலை வைண்டிங் இயக்குநர் அறையில் நின்றார். இயக்குநர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். குழந்தைக்கு என்ன பெயர் வைப்பதாக உத்தேசம் என்றுகூட விசாரித்தார். தார்ப்பாய் என்ற சொல் வந்ததும்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நீங்க விவரமானவர். பூஜ்யம்னு அறிக்கை மேலிடத்துக்குப் போயாச்சு. இப்ப உங்களுக்கு ஒரே ஒரு தார்ப்பாய் குடுக்கறேன்னு வைங்க. என்ன ஆகும்? பூஜ்யம் ஒண்ணாயிடும். ஒண்ணு ஆயிடுச்சுன்னா அப்புறம் அது எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்? பூஜ்யம் மாதிரி ஒரு எண்ணைக் காப்பாத்தறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"சார், புதன்கிழமை வந்ததுதான் சார் புயல்."

"புதன்கிழமை வந்தது ஒத்திகை. அதை நினைச்சு நான் எவ்வளவு பெருமைப்படறேன் தெரியுமா? தத்ரூபமா இருக்கணும்னு நான்தான் சொன்னேன். ஆனா அந்த அளவுக்குச் செய்வாங்கன்னு நானே நினைக்கல. நம்ம ஆபீஸ் பெயர்ப்பலகையே பறந்துடுச்சு, பாத்தீங்களா? காத்து ஏற்பாடு பண்ணினது யாருப்பான்னு எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருத்தனும் ஒத்துக்கல. அவ்வளவு அடக்கம்!"

வைண்டிங் சட்டைக்குள்ளிருந்த தார்ப்பாய் அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"உங்களைச் சும்மா அனுப்ப மாட்டேன்" என்று இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். "ஊரிலேயே உங்க வீட்டுக்குத்தான் அதிக மதிப்பெண். நாளைக்குப் பாராட்டு விழா. 'சிறந்த பாதிக்கப்பட்டவர்' விருது உங்களுக்குத்தான். குடும்பத்தோட வந்துடுங்க."

விழா, துறைக்கு முன்னாலிருந்த மைதானத்தில் நடந்தது. வைண்டிங், மனைவி, மனைவியின் தோளில் குழந்தை, கையில் கட்டுப் போட்ட தையலக்கா, பின்னால் தெரு முழுவதும். மைதானத்துக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் கால் நின்றுவிட்டது. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பந்தல். மேலே நீல நிறத் தார்ப்பாய். ஓரம் ஓரமாகக் கோத்து, முடிச்சுப் போட்டு, ஒரு பொட்டு வெயில் உள்ளே வராமல் கட்டியிருந்தார்கள்.

இயக்குநர் பேசினார்.

"ஒன்பது ஆண்டுகளாக இந்தத் துறையை நடத்தி வருகிறேன். புயல் வராத ஆண்டுகளில் அது நம்மால்தான் வரவில்லை. வந்த ஆண்டுகளில் நம்மால்தான் போயிற்று. இந்த வியாழக்கிழமை நடந்ததைப் பார்த்தீர்கள். இலை அசைந்ததா? இல்லை. புயல் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு முன்னேற்பாடு! மக்கள் நம்மிடம் எதுவும் கேட்டு வருவதில்லை. வருகிறவர்களும் வெறுங்கையோடு திருப்தியாகத் திரும்பிப் போகிறார்கள். கிடங்கில் வைத்த பொருள் வைத்தபடியே இருக்கிறது. ஒரு துறை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

ஊழியர்கள் கைதட்டினார்கள். வைண்டிங்கை மேடைக்கு அழைத்து, கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து மேலே பார்த்தார். அவர் தலைக்கு நேர் மேலே, பட்டறையும் பின்னறையும் சேர்த்து மூடுகிற அளவில், ஒரு முழுத் தார்ப்பாய்.

"சார், ஒரு சந்தேகம்" என்றார். அவர் குரல் ஒலிபெருக்கியில் தெரு வரைக்கும் போயிற்று. "இது நிஜப் புயலுக்குன்னு வச்ச தார்ப்பாய்தானே? விழாவுக்கு எப்படி சார் வந்துச்சு?"

இயக்குநர் முன்வரிசையைப் பார்த்தார். ஸ்டோர்கீப்பர் எழுந்தார். அவர் வாழ்நாளில் பொய் சொல்லி அறியாதவர்.

"விழாவுக்குக் குடுக்க விதியில்லைங்க. அதனால ஒத்திகைக்குன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"அப்படின்னா இந்த விழா ஒத்திகையா?"

"பதிவேட்டுப்படி ஒத்திகைதான்."

"ஒத்திகையில என்ன போனாலும் போனதாக் கணக்கில்லை. அப்படித்தானே சார்?"

இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சாதாரண மனிதனுக்கு விதி இவ்வளவு துல்லியமாகப் புரிந்திருக்கிறதே! "சரியாச் சொன்னீங்க! அதுதான் ஒத்திகையோட அழகே!" என்றார்.

வைண்டிங் மனைவி இதற்குமேல் எதையும் கேட்கக் காத்திருக்கவில்லை. குழந்தையைத் தையலக்காவின் வலது தோளில் சாய்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தல் காலுக்குப் போய் முதல் முடிச்சை அவிழ்த்தாள். வைண்டிங் கேடயத்தை மேடை மேலேயே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை உருவிக்கொண்டு இறங்கினார். அவிழாத முடிச்சுகளை அவர் வெட்டினார். ஒரு நிமிஷம் தெரு சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏய், என்ன பண்றீங்க? தடுங்கய்யா! தடுங்க!" என்று இயக்குநர் கத்தினார்.

தலைக்கவசக்காரர்கள் எழுந்தார்கள். ஒத்திகையில் தடுப்பது தங்கள் பங்கா, சும்மா இருப்பது தங்கள் பங்கா என்று தெரியாமல் மதிப்பீட்டாளரைப் பார்த்தார்கள். அவரோ அட்டையை எடுத்து வேக வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே இயக்குநரைப் பார்த்து, "உங்க பதற்றம் ரொம்ப இயல்பா இருக்கு சார்" என்றார்.

கால் மணி நேரத்தில் மைதானத்தின் மேல் வெறும் வானம் நின்றது. கீழே இயக்குநரும் நாற்காலிகளும் இருந்தார்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் தெருவில் பாதி வீடுகள் நீலமாகிவிட்டன. பெரிய தார்ப்பாயை இரண்டு வீட்டுக்கு மூன்று வீட்டுக்கு என்று பங்கு போட்டார்கள். தையலக்கா வைண்டிங் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வலது கையால் பெரிய கத்தரிக்கோலைப் பிடித்து, அளவு டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு வெட்டிக் கொடுத்தார். உள்ளே குழந்தை மேசைக்கு அடியிலிருந்து கட்டிலுக்கு வந்திருந்தது. உலர்ந்த துணி, மேலே உலர்ந்த வெளிச்சம். மூச்சில் கரகரப்பு இருந்தது, ஆனால் பால் குடித்தது. வைண்டிங் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவருக்கு அழுகை வந்தது.

அப்போது வாசலில் ஸ்டோர்கீப்பர் வந்து நின்றார். தெருவே வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. மனைவி வாசல்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"தார்ப்பாயைத் திருப்பிக் கேட்டு வந்தீங்கன்னா, என்னைத் தாண்டித்தான் போகணும்."

"இல்லம்மா" என்றார் அவர். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மிச்சம் ஏதாவது துண்டு கிடக்குமான்னு கேக்க வந்தேன். எங்க வீட்லயும் மேல ஒண்ணும் இல்ல. புதன்கிழமையே போயிடுச்சு. வீட்ல அவங்க நனைஞ்சு காய்ச்சல்ல படுத்திருக்காங்க."

உத்தரம் வரைக்கும் தார்ப்பாய் அடுக்கிய கிடங்கில் மூன்று நாள் சாவியோடு உட்கார்ந்திருந்த மனிதர்.

தையலக்கா பல்லிலிருந்து டேப்பை எடுத்தார். ஒரு முழுத் தார்ப்பாயை இழுத்துப் பிரித்துப் போட்டார்.

"எத்தனை அடிக்கு எத்தனை அடி வேணும், சொல்லுங்க."

ஸ்டோர்கீப்பர் யோசித்தார். கிடங்கில் எந்த அடுக்கில் எத்தனை உருப்படி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர், கையை அகல விரித்தார், குறுக்கினார், மறுபடி விரித்தார்.

"தெரியலீங்க" என்றார். "நான் இன்னும் மேல அண்ணாந்தே பாக்கல. ஆபீஸ்ல ஒத்திகைன்னு சொன்னாங்களே."